தோடியின் காந்தாரம் 13 சென்டிமீட்டர்

தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, வயலினின் பெரிய அண்ணனான செல்லோவில் வாசிக்க, இடது கை 13 சென்டிமீட்டருக்கு மேல் போய்த் திரும்ப வேண்டும். வயலினில் அதே காந்தாரம் ஆறரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது என்பது சங்கீதம் கேட்பவர்களுக்குத் தெரியும். கீழே உள்ள சுத்த ரிஷபத்திலிருந்து (ரி) எழும்பி, மேலே உள்ள மத்யமத்தை (ம) உரசிவிட்டு இறங்கும்; அந்த ஆட்டம்தான் அதன் உருவம். வயலினின் தந்தி நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், செல்லோவுக்கு 69. ஆகவே கையின் ஓட்டமும் இரண்டு மடங்கு. கணக்கு எளிது. ஆனால் இந்தக் கணக்கைச் சமாளிப்பதிலேயே என் வாசிப்பு வாழ்க்கையின் பெரும்பகுதி போயிருக்கிறது.

நான் கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறைப் பக்கத்துக்காரன். தாத்தா நாகஸ்வரம் வாசித்தவர். நான் வயலினில் தொடங்கி, சென்னைக்குப் போய் மேற்கத்திய இசை ஆசிரியர் ஒருவரிடம் செல்லோ கற்று, ஊருக்கே திரும்பி வந்தவன். இங்கே ஒரே வகை இசையை நம்பிச் செல்லோக்காரன் அடுப்பெரிக்க முடியாது. டிசம்பரில் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை, தையில் கச்சேரிகள், கோடை விடுமுறையில் பரதநாட்டிய அரங்கேற்றங்கள், அவ்வப்போது சென்னையில் ஒலிப்பதிவு, ஆண்டு முழுவதும் மாணவர்கள். "எல்லாம் வாசிப்பார்" என்று மேடையில் அறிமுகம் செய்கிறார்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த 'எல்லாம்' எப்படி நடக்கிறது என்பதை, இந்தக் கருவியைத் தொட நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காந்தாரத்தை முடித்துவிடுவோம். ஒரு கட்டைச் சுருதியில் (ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணும் கணக்கு; 1 என்பது C), கீழிருந்து ஸ, ப, ஸ, ப என்று தந்திகளைக் கூட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குரலின் மத்ய ஸ்தாயிக் காந்தாரத்தை மூன்று இடங்களில் பிடிக்கலாம். மேலிருந்து இரண்டாம் தந்தியான ஷட்ஜத்தில், தந்தியை முறுக்கும் பிரடைப் பக்கத்திலேயே வாசித்தால் அந்த 13 சென்டிமீட்டர் ஓட்டம். அதற்கு அடுத்த மந்தர பஞ்சமத் தந்தியில் கொஞ்சம் ஏறி வாசித்தால் 10. எல்லாவற்றிலும் தடித்த தந்தியில், சரிபாதியைத் தாண்டிப் போய் வாசித்தால் ஏழுக்கும் குறைவு. கிட்டத்தட்ட வயலின் அளவு. முதல் இடத்தில் நாதம் திறந்து கேட்கும், கை திணறும். கடைசி இடத்தில் கை சுகமாக ஓடும், நாதம் அடைத்துக்கொள்ளும். மெதுவான விளம்ப காலத்தில் முதல் இடம், ஆலாபனையின் நடுவில் பஞ்சமத் தந்தி, பிருகா என்னும் வேகமான ஸ்வரக் கோவைகளுக்கு மட்டும் தடித்த தந்தி என்று பிரித்து வைத்திருக்கிறேன். மாணவர்களுக்கு இதை வாயால் சொல்வதைவிட, அளவு நாடாவைக் கையில் கொடுத்து அவர்களையே அளக்கச் சொல்வது பலன் தருகிறது. பென்சிலால் விரற்பலகையில் குறி வைக்க விடுவதில்லை. அளந்து பார்த்தபின் காது பொறுப்பேற்க வேண்டும்.

பாதிக்கு மேல் ஏறும்போது பெருவிரல் கழுத்துக்குப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்து, தந்தியின் மேல் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். வீணையில் தந்தியைத் தாங்கும் முனைக்கட்டையான மேரு செய்கிற வேலையை அங்கே பெருவிரல் செய்கிறது. அதற்கு மேலே மற்ற விரல்கள் புதிதாக ஒரு கருவியை வாசிப்பதுபோல் வேலை செய்யலாம். மேற்கத்திய முறையில் இதைப் பல வருடம் கழித்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், ஏனென்றால் அவர்களின் ஆரம்பப் பாடங்களுக்கு அந்த உயரம் தேவையில்லை. நம் சங்கீதத்துக்கு வருபவர்கள் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடலாம். பெருவிரலின் வெளி ஓரத்தில், நகத்துக்குக் கீழே தோல் சிவந்து, உரிந்து, பிறகு காய்த்துப் போகும். காய்ப்பு ஏறும்வரை ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கொப்புளத்தை உடைத்துக்கொண்டு வாசிப்பதில் ஒரு வீரமும் இல்லை.

சுருதி கூட்டுவது அடுத்த தலைவலி. செல்லோவின் நான்கு தந்திகளும் பிறப்பிலேயே பஞ்சம இடைவெளியில் அமைந்தவை. கட்டைக் கணக்கில் சொன்னால் 1, 5, 2, 6. ஒரு கட்டைப் பாடகருக்கு மேல் இரண்டு தந்திகளையும் ஒவ்வொரு கட்டை இறக்கினால் ஸ, ப, ஸ, ப கிடைத்துவிடும். ஐந்து கட்டையில் பாடும் பெண்களுக்கு, ஆறாம் கட்டைத் தந்தியை ஐந்துக்கு இறக்கி, தடித்த தந்தியை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றினால் ப, ஸ, ப, ஸ வரும். இறக்குவதில் ஆபத்தில்லை. ஏற்றுவதில்தான் யோசனை வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குத் தந்தியை ஏற்றினால் அதன் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. பழைய தந்தி அறுந்து முகத்தில் அடிக்கலாம். அதைவிடப் பெரிய கவலை, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை: பிரடையை முறுக்க முறுக்கத் தந்தி குதிரையின் தலையை விரற்பலகைப் பக்கமாக இழுத்துச் சாய்க்கும். ஒவ்வொரு முறை சுருதி ஏற்றிய பிறகும், இரண்டு கையாலும் குதிரையின் மேல்பாகத்தைப் பிடித்து, அதன் பின்புறம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பது பல் விளக்குவதுபோல் பழக்கமாகிவிட வேண்டும்.

சுருதியை இப்படி மாற்றுவது கருவியின் இயல்பைக் கெடுப்பது என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பாஹ் என்ற ஜெர்மானியரைச் சாட்சிக்கு அழைப்பேன். தனிச் செல்லோவுக்கென்று அவர் எழுதிய ஆறு ஸூட்களில் (நடன மெட்டுகளின் தொகுப்புகள்) ஐந்தாவதை வாசிக்க, மேல் தந்தியை ஒரு கட்டை இறக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆறாவது ஸூட் ஐந்து தந்திக் கருவிக்கு எழுதப்பட்டது. ஹங்கேரியின் கோடாய் 1915-ல் எழுதிய தனிச் செல்லோ ஸொனாட்டாவில் கீழ் இரண்டு தந்திகளும் அரைக் கட்டை இறங்கும். மேற்கே இருநூறு ஆண்டுகளாகச் செய்ததை நாம் கும்பகோணத்தில் செய்தால் கருவி கோபித்துக்கொள்ளாது.

உண்மையில் இதற்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் ஊர். 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பு எல்லோரும் வாசித்தது திமிரி நாகஸ்வரம்: குட்டை, சுருதி உச்சம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதைவிட நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்துக்கு மாறினார். நரசிங்கம்பேட்டை ஆசாரி அவருக்கு அதைச் செய்து கொடுத்தார். அவருடைய தோடியைப் பற்றி ஊருக்கு ஊர் கதை உண்டு. எனக்கு அந்தக் கதைகளைவிட அந்த நீளமான குழல் முக்கியம். சுருதி இறங்கினால் ஓசை குறைந்துவிடும், கோயில் பிராகாரத்தில் எடுபடாது என்று அன்றைக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள். இறங்கிய சுருதியில், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் அகலமாக உட்கார இடம் கிடைத்தது. செல்லோவில் நான் தேடுவதும் அந்த அகலத்தைத்தான். பதிவில் ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டுக்கொண்டே, ஒரு வாக்கியத்தை வில்லில் எத்தனை மூச்சாகப் பிரிப்பது என்று பார்ப்பது என்னுடைய நிரந்தர வீட்டுப்பாடம். வயலின் பதிவுகளைப் பார்த்து வாசித்தால் செல்லோ எப்போதும் பின்தங்கிய வயலினாகத்தான் கேட்கும். நாகஸ்வரத்தையும் ஆண் குரலையும் பார்த்து வாசித்தால் அதற்கென்று ஒரு குரல் வருகிறது.

வில்லுக்கு வருகிறேன். செல்லோ வில் வயலின் வில்லைவிடக் குட்டை, ஆனால் கனம். தடித்த தந்தியோ உடனே பேசாது. வில் பட்டு, ஒரு கணம் தயங்கி, பிறகுதான் ஒலிக்கும். கீழ்க்காலத்தில் இது தெரியாது. மேல்காலத்தில் ஸ்வரம் போடும்போது அந்தத் தயக்கம் தாளத்தைப் பின்னால் இழுத்துவிடும். மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இதற்கு மருந்து, கீழ்த்தந்திகளில் வில்லைத் தந்தியின் மேல் முன்கூட்டியே வைத்து, எடையைச் சாய்த்துவிட்டு, பிறகு இழுப்பது. இந்த ஒன்றை எனக்குச் சரியாகக் கற்பித்தது கச்சேரி இல்லை, பாஹ்.

ஸ்பெயினின் செல்லோ மேதை பாப்லோ காஸல்ஸ் 1890-ல், பதின்மூன்று வயதில், பார்சிலோனாவின் ஒரு கடையில் அந்த ஆறு ஸூட்களின் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தார். அப்போது அவற்றைக் கைப்பயிற்சி என்றே பலரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மேடையில் வாசிப்பதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் அவற்றை வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1936-க்கும் 1939-க்கும் இடையில் ஆறையும் ஒலிப்பதிவு செய்தார். இன்று உலகில் செல்லோ வைத்திருக்கும் யாரும் இவற்றைத் தொடாமல் இருக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டு என்றதும் நம் ஊரில் குருகுலவாசக் கதைகள் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிட உபயோகமான செய்தி, அவர் எதை வாசித்தார் என்பது. பக்கவாத்தியம் இல்லாமல், ஒரே தந்திக் கருவியில் கீழ்க்குரலும் மேல்குரலும் மாறி மாறிப் பேசுகிற இசை அது. முதல் ஸூட்டின் முன்னுரைப் பகுதியில் மூன்று தந்திகளை வில் தொடர்ந்து கடந்துகொண்டே இருக்கும். முழங்கையின் உயரம் ஒவ்வொரு தந்திக்கும் மாறியாக வேண்டும். நம் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் கை ஒரே தந்தியில் நீண்ட நேரம் இருந்துவிடுவதால் இந்த முழங்கை வேலை நமக்குக் கிடைப்பதில்லை. கர்நாடக இசை மட்டும்தான் வாசிப்பேன் என்று வரும் மாணவர்களுக்கும் அந்த ஒரு பக்கத்தைக் கொடுக்கிறேன். பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆறு மாதத்தில் வில் சத்தம் மாறியதும் சரியாகிவிடுவார்கள்.

தேவாலய வாசிப்பு எனக்குக் கிடைத்த இன்னொரு பள்ளிக்கூடம். 1706-ல் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய நாளிலிருந்து இந்தக் கடற்கரைக்கு ஐரோப்பியப் பாட்டு பழக்கமானது. தஞ்சாவூரில் சரபோஜியும் வேதநாயக சாஸ்திரியாரும் ஒரே பாதிரியாரான சுவார்ட்சிடம் வளர்ந்தவர்கள். சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்தார். சாஸ்திரியார் ராக தாளத்தோடு கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதினார். அந்த இரண்டு வழிகளும் இன்றைக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அடுத்தடுத்து வருகின்றன. நான்கு குரல் ஞானப்பாட்டு ஒன்று; அது முடிந்த கையோடு ஒரு கீர்த்தனை. ஞானப்பாட்டில் செல்லோவுக்குக் கீழ்க்குரல் வேலை. ஆர்கனோடு அல்லது கீபோர்டோடு சுருதி சேர வேண்டும், ஒவ்வொரு அடியின் முடிவிலும் சபையார் மூச்சு விடும் இடத்தில் வில்லும் நிற்க வேண்டும். ஸ்வரங்களில் மெல்லிய அதிர்வு கொடுக்கலாம். கீர்த்தனை வந்ததும் அந்த அதிர்வை நிறுத்திவிட வேண்டும். ஷட்ஜமும் பஞ்சமமும் கோடு போட்டதுபோல் நிற்க, மற்ற ஸ்வரங்கள் ராகம் கேட்கிறபடி அசைய வேண்டும். இடது கை இரண்டு நிமிடத்தில் ஆளை மாற்றிக்கொள்ளும் இந்த வேலை, சொல்வதைவிடக் கடினம். வீட்டில் இதைத் தனியாகவே பழக வேண்டும்: ஒரே பஞ்சமத்தை எட்டு எண்ணிக்கை அதிர்வோடு, அடுத்த எட்டு எண்ணிக்கை அசையாமல், மீண்டும் அதிர்வோடு.

ஆராதனைக்கு நடுவில் தந்திகளின் சுருதியை மாற்றக் கூடாது. மாற்றிய தந்தி கொஞ்ச நேரத்துக்கு நழுவிக்கொண்டே இருக்கும். பொதுவான 1, 5, 2, 6 அமைப்பிலேயே விட்டுவிட்டு, கீர்த்தனையைத் திறந்த தந்தி தொடாமல் விரலாலேயே வாசித்து முடிப்பதுதான் வழி. அதனால் எந்தக் கட்டையிலும், ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையைத் திறந்த தந்தி இல்லாமல் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கச்சேரியில் செல்லோவின் இடம் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் இடம்தான். வயலின் நம் இசைக்குள் வந்து இருநூறு ஆண்டு ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். செல்லோவுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. ஆகவே அழைப்பு வரும்போது, வயலின் வித்வான் ஏற்கெனவே மேடையில் இருப்பார், செல்லோ கூடுதல். இந்த நிலைமையில் பலரும் செய்வது, பாடகர் பாடுவதை ஒரு ஸ்தாயி கீழே அப்படியே வாசித்துக்கொண்டு போவது. முதல் கீர்த்தனையில் காதுக்குப் புதுமையாக இருக்கும். மூன்றாவதில் சபை சோர்ந்துவிடும். காரணம் லேசானது. ஒரு கட்டைப் பாடகரின் ஆதார ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. செல்லோவின் தடித்த தந்தி 65 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தரத் தந்தியும் மிருதங்கத்தின் தொப்பியும் நடமாடுகிற பகுதி அதுதான். அங்கே செல்லோவும் இடைவிடாமல் நுழைந்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகிச் சாகித்தியம் புரியாமல் போய்விடும். மேல் இரண்டு தந்திகளில், பாடகரின் சொந்த ஸ்தாயியிலேயே, அவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கும்போது கார்வையை (நீட்டி நிற்கும் ஸ்வரத்தை) பிடித்துக் கொடுப்பது நல்லது. பல்லவியில் பேசாமல் இருந்து, அனுபல்லவியில் சேர்ந்து, வேகம் கூடும் மத்யமகால சாகித்தியத்தில் மறுபடியும் வில்லை எடுத்துவிடுவேன். 'அக்ஷயலிங்க விபோ' மாதிரி நிதானமாக நடக்கிற தீட்சிதர் கிருதி என்றால், கீழ் ஸ்தாயியில் உலவும் மந்தர சஞ்சாரம் வரும் இடத்துக்காகவே கீழ்த்தந்தியைக் காப்பாற்றி வைப்பேன். கீழ்வேளூர் கோயிலுக்கென்று அவர் பாடிய அந்தச் சங்கராபரணத்தில் அவசரம் என்பதே கிடையாது. செல்லோவுக்கு தியாகராஜரைவிட தீட்சிதர் ஒத்துவருகிறார் என்பது என் கட்சி. திருவையாற்றில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

திருவையாறு என்றதும் ஒன்று: தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கோஷ்டிக்குச் செல்லோவை எடுத்துப் போக ஆசைப்படும் மாணவர்களிடம் வேண்டாம் என்கிறேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு தரையில் உட்காரும் கூட்டத்தில் உங்கள் வில் பக்கத்து வித்வானின் காதைத் தேய்க்கும். போய் உட்கார்ந்து பாடுங்கள். அதுவும் செல்லோப் பயிற்சிதான்.

உட்காரும் உயரம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கச்சேரி மேடையில் பெரிய விஷயம். எல்லோரும் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டிருக்க, ஒருவர் மட்டும் நாற்காலியில் உயர்ந்து உட்கார்ந்தால் பாடகரின் தலைக்கு மேல் செல்லோ நிற்கும். மைக்கும் கண்ணும் இரண்டும் அங்கேயே போகும். ஹாலந்தில் பிறந்து ஹிந்துஸ்தானி இசைக்கு வந்த சஸ்கியா ராவ், இதற்கென்றே சிறிய உடலும் ஐந்து தந்திகளும் உடன் அதிரும் தந்திகளும் கொண்ட செல்லோவைச் செய்துகொண்டு தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார். அப்படிச் செய்துகொள்ள எல்லோருக்கும் வசதி இராது. நான் தச்சரிடம் சொல்லி அடித்த தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, அடியில் ஊன்றும் கம்பியை முழுக்க உள்ளே தள்ளி, கருவியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறேன். கம்பி ஜமுக்காளத்தில் நழுவும், மார்பிள் தரையில் இன்னும் மோசம். ஒரு முழம் பலகையில் சின்னக் குழி குடைந்து, பலகையின் மறுமுனையில் கயிறு கட்டி முக்காலியின் காலில் மாட்டிவிட்டால் நழுவாது. மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்க விடாதீர்கள். ஒரு முழம் தள்ளி, குதிரையைப் பார்த்து இருக்கட்டும். மைக்செட்காரரிடம் கீழ் ஓசையைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் கூட்டத்தான் பார்ப்பார்.

சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே காதில் மாட்டிய கருவியில் தாளக் குச்சிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் மேற்கத்திய முறையில் ஸ்வரம் எழுதிய ஐந்து கோட்டுத் தாள். பக்கத்தில் இருப்பவர் வில்லை மேலே இழுத்தால் நீங்களும் மேலே. சொந்தக் கற்பனைக்கு ஒரு ரூபாய்கூட கிடையாது, முதல் தடவையிலேயே சரியாக வாசிப்பவருக்கு அடுத்த அழைப்பு உண்டு. பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பலவித இசையையும் வாசிக்கும் செல்லோக்காரர் என்றால் உலகமே யோ-யோ மாவைத்தான் கைகாட்டும். 1955-ல் பாரிஸில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். பாஹ், ஆர்ஜென்டினாவின் டாங்கோ, அமெரிக்க மலைநாட்டு இசை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1998-ல் பட்டுப்பாதைத் திட்டத்தைத் தொடங்கி, ஈரானின் கமான்சே வாசிக்கும் கயான் கல்ஹோர், சீனாவின் பீபா வாசிக்கும் வூ மான், நம் ஊர் தபலா வித்வான் சந்தீப் தாஸ் போன்றவர்களோடு வாசித்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இங்கே நடக்கும் கலப்பு இசை நிகழ்ச்சிகள் பல எனக்குப் பிடிப்பதில்லை. பறையும் டிரம்ஸும் செல்லோவும் ஒரே மேடையில் ஏறிவிட்டால் போதும், இசை தானாகக் கலந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒத்திகை அன்று காலையில்தான். யோ-யோ மாவின் பதிவுகளில் நான் கவனிப்பது வேறு: அடுத்தவர் கருவி முன்னால் வரும்போது அவர் பின்னால் போய் நிற்கிற விதம். அதற்குக் கல்ஹோரின் இசை எங்கே மூச்சு விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரதநாட்டியத்துக்கு வாசிக்க வந்த புதிதில் நட்டுவனாரின் பக்கத்தில் உட்கார்ந்து ஜதிகளை வாயால் சொல்லப் பழகியது எனக்கு அந்த வகையில் உதவியது. ஒரு புதிய இசைக்குள் போவதென்றால், முதலில் அதை வாயால் பாடவோ சொல்லவோ வர வேண்டும். அது வரும்வரை செல்லோப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

சின்னப் பிள்ளைகளுக்கு எதில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களில் தொடங்குங்கள். வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய சுமார் நாற்பது உருப்படிகள் அவை. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், கமகம் இல்லை, கை அதிகம் நகர வேண்டாம், மெட்டு குழந்தைகளின் காதில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து கோட்டிலும் எழுதிக்கொடுக்கலாம், ஸ ரி க ம-விலும் எழுதிக்கொடுக்கலாம். ஒரே பாட்டில் இரண்டு எழுத்தும் பழகிவிடும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு முழு அளவு செல்லோ வாங்கிவிடாதீர்கள். அரை அளவு, முக்கால் அளவு என்று கிடைக்கின்றன. வளர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிதாகத் தைக்கும் பள்ளிச் சட்டை யோசனை இங்கே உதவாது. கை நீட்டி நீட்டித் தோள் வலி வந்து பிள்ளை கருவியையே வெறுத்துவிடும்.

இனி டெல்டாவின் வானிலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊதும்: பிரடை இறுகிக்கொள்ளும், தந்தி விரற்பலகையிலிருந்து உயர்ந்துவிடும், வில்லின் முடி நீண்டு தொங்கும். திருகாணியை எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது. அக்கினி நட்சத்திரத்தில் நேர்மாறு: பிரடை நிற்காமல் வழுக்கி, நள்ளிரவில் தந்தி 'டங்' என்று அவிழும். வழுக்கும் பிரடைக்கு சாக்குக்கட்டித் தூள், இறுகும் பிரடைக்கு உலர்ந்த சோப்பு என்பது தஞ்சாவூர் வீணைப் பட்டறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம். மேற்கத்தியப் புத்தகங்களிலும் அதுவேதான். பெட்டிக்குள் ஈரமானி ஒன்று வைத்து ஈரப்பதத்தை 40-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வாரம் ஒருமுறை வெயிலில் காய வையுங்கள். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துவது கட்டாயம். பெட்டியை மாதக்கணக்கில் மூடி வைத்தால் இருட்டில் ஒரு சிறு பூச்சி வந்து முடியைக் கத்தரித்துவிடும். திறந்து பார்த்தால் வில்லில் பாதி முடி அறுந்து கிடக்கும். வில்லின் முடியில் தேய்க்கும் ரோசினில், மென்மையான கறுப்பு ரகம் நம் வெயிலில் பிசுபிசுத்துப்போகும். வெளிர் நிறத்தில் இறுகலாகக் கிடைப்பதை வாங்குங்கள்.

தந்தி மாற்றும்போது ஒன்றை அவிழ்த்து, புதியதைப் போட்டு இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கையும் சேர்த்துத் தளர்த்தினால், உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே பசையில்லாமல் நெருக்கத்திலேயே நிற்கும் மரக்குச்சி விழுந்துவிடும். அதை மறுபடி நிறுத்தத் தெரிந்தவர் இந்தப் பக்கம் அகப்படுவது அரிது. கருவியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டியதுதான். ரயில் என்றால் உழவன் எக்ஸ்பிரஸில் மேல் படுக்கை ஒன்று செல்லோவுக்கு, கீழ்ப் படுக்கை எனக்கு. பெட்டியின் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டி அதன் நுனியை என் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். யோ-யோ மாவே 1999-ல் நியூயார்க் டாக்சி ஒன்றின் பின்பெட்டியில் செல்லோவை மறந்து இறங்கிவிட்டார்; நல்ல காலம், அன்றைக்கே கிடைத்தது. பஸ் கூரையிலும், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்கவே கூடாது. கருவியை ஒட்டியிருக்கும் வஜ்ஜிரப் பசை சூட்டில் இளகும், தட்டுகள் விட்டுப்போகும்.

பணம் பேசக் கூச்சப்படாதீர்கள். ஒரு செட் செல்லோத் தந்தியின் விலையில் மாணவர்களுக்கான வயலின் ஒன்றையே வாங்கிவிடலாம். வில்லுக்கு முடி மாற்றும் செலவு தனி. தாம்பூலத் தட்டில் வைத்து வரும் கவரில் இதெல்லாம் அடங்குமா என்று வாசித்த பிறகு யோசித்துப் பயனில்லை. அழைப்பு வந்ததும் நான் ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுகிறேன்: சம்பளம் இவ்வளவு, பயணத்துக்கு இரண்டு டிக்கெட், தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேடையில் சுருதி பார்க்க இடம், தேவாலயமோ மண்டபமோ என்றால் கை வைக்காத நாற்காலி ஒன்று. முதல் மூன்றும் இப்போதெல்லாம் தகராறில்லாமல் நடக்கின்றன. நாற்காலி மட்டும் இரண்டு கையும் வைத்ததாகவே வந்து நிற்கிறது, அதுவும் மாலை போடுவதற்கு வசதியாக வெல்வெட் தைத்தது.